சொல்லுக்குப் பின் வந்த ஆசிரியர்கள்: முதியோர் மருத்துவக் கல்வியின் நூறாண்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி. நியூயார்க் நகரின் ஏழையர் விடுதி ஒன்றில் மருத்துவ மாணவர்கள் சிலர் தம் ஆசிரியருடன் நோயாளிகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தனர். மூதாட்டி ஒருவர் தள்ளாடியபடி வந்து தம் வலியைச் சொல்லி முறையிட்டார். இவருக்கு என்ன நோய் என்று ஒரு மாணவர் கேட்டார். முதுமைதான் என்றார் ஆசிரியர். இதற்கு என்ன செய்யலாம் என்று மாணவர் மீண்டும் கேட்டார். ஒன்றும் செய்வதற்கில்லை என்பது விடை.

இக்னாட்ஸ் லியோ நாஷரைப் பற்றி மருத்துவ வரலாற்று நூல்களில் தவறாமல் இடம்பெறும் நிகழ்ச்சி இது. வியன்னாவில் 1863இல் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்கு வந்த நாஷர்தான் அந்த மாணவர். அந்த ஆசிரியரின் விடை நமக்கும் புதியதன்று. "வயதானால் அப்படித்தான்" என்ற தொடரைத் தமிழ் வீடுகளிலும் புறநோயாளர் வரிசைகளிலும் இன்றும் கேட்கலாம். நோயைக் குறிக்க வேண்டிய இடத்தில் வயதைக் குறிக்கும் சொல் வந்து அமர்ந்துகொள்ளும்போது, விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது. நாஷருக்கு எழுந்த ஐயம் இந்த இடமாற்றத்தைப் பற்றியதே.

சொல் பிறந்த கதை

1909இல் 'நியூயார்க் மெடிக்கல் ஜர்னல்' இதழில் நாஷர் எழுதிய கட்டுரையில்தான் 'ஜெரியாட்ரிக்ஸ்' என்ற சொல் முதன்முதலில் அச்சேறியது. முதுமையைக் குறிக்கும் 'கெராஸ்', மருத்துவம் சார்ந்ததைக் குறிக்கும் 'யாட்ரிகோஸ்' ஆகிய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் அதை ஆக்கினார். வாய்பாடாக அவர் எடுத்துக்கொண்டது குழந்தை மருத்துவத்தின் பெயரான 'பீடியாட்ரிக்ஸ்'. மொழியியலார் ஒப்புமையாக்கம் என்று அழைக்கும் வழிமுறை இது. நிலைபெற்ற ஒரு சொல்லின் வடிவத்தைப் பின்பற்றிப் புதுச்சொல் ஆக்கும்போது, பழைய சொல்லின் மதிப்பில் ஒரு பங்கு புதுச்சொல்லுக்கும் கிடைக்கிறது. நாஷர் வேண்டியதும் அதுவே. குழந்தை என்பது சிறிய உருவில் உள்ள வளர்ந்த மனிதர் அல்ல என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருந்தது. முதியவர் என்பவரும் தேய்ந்துபோன நடுவயதினர் அல்லர், முதுமை தனக்கெனத் தனி உடலியல்பு கொண்ட பருவம் என்று அவர் வாதிட்டார்.

1914இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு முன்னுரை எழுதியவர் ஆபிரகாம் ஜேகோபி. அமெரிக்கக் குழந்தை மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்படுபவர் அவர். மூத்த துறையின் தலைமகன் இளைய துறையை வாழ்த்தி வரவேற்றதாகவே இதைக் கொள்ளலாம். ஆயினும் இரு துறைகளின் வரலாறும் அதன்பின் ஒரே பாதையில் செல்லவில்லை.

ஜேகோபி 1860ஆம் ஆண்டிலேயே நியூயார்க் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகள் நோய்களுக்கான பேராசிரியராக அமர்ந்துவிட்டார். மாணவர்களுக்கு நோயாளிகளைக் காட்டிக் கற்பிக்கும் பிரிவு அவர் கையில் இருந்தது. 1888இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவரும் அவரே. குழந்தை மருத்துவம் ஒரு சொல்லாக மட்டும் இருக்கவில்லை. வகுப்பறை, படுக்கை, பேராசிரியர் இருக்கை, அந்த இருக்கைக்குப் பின்னால் அடுத்து அமரக் காத்திருக்கும் இளைஞர் வரிசை ஆகிய அனைத்தும் அதற்கு இருந்தன. நாஷரிடம் சொல் இருந்தது, நூல் இருந்தது, மால்ஃபோர்ட் தியூலிஸ் போன்ற ஓரிரு சீடர்கள் இருந்தனர். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 1942இல் தொடங்கப்பட்டது; அடுத்த இரண்டாண்டில் நாஷர் மறைந்தார். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் இத்துறைக்கென முழுமையான தனித்துறை அமைய 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜேகோபியின் இருக்கைக்கும் இதற்கும் இடையே 122 ஆண்டுகள்.

ஒப்புமையாக்கத்தால் ஒரு சொல்லின் வடிவத்தைப் பெற்றுவிடலாம். அந்த வடிவத்துக்குப் பின்னால் நிற்கும் நிறுவனத்தை அவ்வாறு பெற முடியாது. முதியோர் மருத்துவத்தின் நூறாண்டு வரலாற்றை இந்த இடைவெளியின் வரலாறாகவும் படிக்கலாம்: பெயர் வந்துவிட்டது, கற்பிப்பவர் வரவில்லை.

வார்டில் தொடங்கிய துறை

பிரிட்டனில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. 1935இல் லண்டனை அடுத்த மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை, அருகிலிருந்த ஏழையர் சட்ட விடுதியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அங்கிருந்த 714 படுக்கைகளின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம் வந்தது. படுக்கைகளில் கிடந்தவர்கள் 'நாள்பட்ட நோயாளர்' என்ற ஒற்றைப் பெயரால் அறியப்பட்டனர். பலர் முறையான பரிசோதனையைக் கண்டு ஆண்டுக்கணக்காகியிருந்தது.

வாரன் செய்த முதற்பணி, அந்த ஒற்றைப் பெயரைப் பிரித்தது. ஒவ்வொருவரையும் பரிசோதித்தார், எழுந்து நடக்க வாய்ப்புள்ளவர், சிறுநீர் கட்டுப்பாட்டை மீட்டெடுக்கத்தக்கவர், மனக்குழப்பம் உடையவர் என வகைப்படுத்தினார். வார்டுகளுக்கு வெளிச்சம் கொண்டுவந்தார். நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பினார். செவிலியர், உடற்பயிற்சி சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் அனைவரையும் ஒரே குழுவாக இணைத்தார். வீடு திரும்பவே முடியாது என்று கருதப்பட்டவர்களில் பலர் வீடு திரும்பினர். 1943லும் 1946லும் அவர் எழுதிய கட்டுரைகள் இரண்டு செய்திகளை வலியுறுத்தின: முதியோர் மருத்துவம் தனிச் சிறப்புத் துறையாக வேண்டும், மருத்துவ மாணவர்களுக்கு அது வார்டிலேயே கற்பிக்கப்பட வேண்டும்.

முதல் கோரிக்கை விரைவில் நிறைவேறியது. 1947இல் முதியோர் பராமரிப்புக்கான மருத்துவச் சங்கம் உருவானது. பின்னாளைய பிரிட்டிஷ் முதியோர் மருத்துவச் சங்கம் இதுவே. 1948இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபின் இத்துறையில் ஆலோசக மருத்துவர் பணியிடங்கள் பெருகின. இரண்டாவது கோரிக்கைக்குக் கூடுதல் காலம் ஆனது. உலகின் முதல் முதியோர் மருத்துவப் பேராசிரியர் இருக்கை கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1965இல் அமைந்தது. அதில் அமர்ந்தவர் ஃபெர்கூசன் ஆண்டர்சன். சொல் பிறந்து 56 ஆண்டுகளுக்குப் பிறகே அதற்கு ஓர் இருக்கை கிடைத்தது.

பிரிட்டனின் இந்த வளர்ச்சியில் தென்னாசியாவுக்கு ஒரு பங்கு உண்டு. இந்தியக் கல்வியுலகம் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. 1960களிலும் 70களிலும் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை முதலிய நாடுகளிலிருந்து சென்ற மருத்துவர்களுக்கு இதயநோய் போன்ற மதிப்புமிக்க துறைகளின் கதவு எளிதில் திறக்கவில்லை. உள்நாட்டுப் பட்டதாரிகள் விரும்பாத முதியோர் மருத்துவத்தில் பணியிடங்கள் காலியாக இருந்தன. பலர் அங்கே சென்றனர். பர்வதி ரகுராம், ஜோனா போர்னாட், லெராய் ஹென்றி ஆகியோர் இவர்களின் வாய்மொழி வரலாறுகளைப் பதிவுசெய்து ஆராய்ந்துள்ளனர். விரும்பித் தேர்ந்தெடுக்காத துறையில் நுழைந்தவர்கள், அதன் வார்டுகளையும் பகல்நேர மருத்துவமனைகளையும் கட்டியெழுப்பி, அத்துறையின் பற்றாளர்களாகவே மாறிய வரலாறு அப்பதிவுகளில் உள்ளது.

இந்த வரலாற்றில் ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. ஒரு துறை இளையோரைத் தன்பால் ஈர்ப்பதற்கு அதன் அறிவியல் சிறப்பு மட்டும் போதாது. படித்து முடித்தபின் நிற்பதற்கு ஓரிடம் உண்டா என்பதையே இளையோர் முதலில் பார்க்கின்றனர். பிரிட்டனில் வளர்ச்சி நிகழ்ந்ததற்குக் காரணம், நிற்பதற்கான இடங்களை அரசு உருவாக்கியிருந்தது. அந்த இடங்களை நிரப்பியவர் யார் என்பது வேறு வரலாறு.

ஏன் ஆசிரியர் இன்றியமையாதவர்?

நூலைப் படித்தே முதியோர் மருத்துவத்தைக் கற்றுக்கொள்ள முடியாதா என்ற வினா எழலாம். முடியாது என்பதற்கான காரணம் அத்துறையின் இயல்பிலேயே இருக்கிறது.

கிளாஸ்கோவிலும் பின்னர் பர்மிங்காமிலும் பணியாற்றிய பெர்னார்ட் ஐசக்ஸ், முதியோர் மருத்துவத்தின் 'பேருருக்கள்' என்று நான்கைக் குறிப்பிட்டார்: அசைவின்மை, நிலைதடுமாறி விழுதல், சிறுநீர் மலக் கட்டுப்பாடின்மை, அறிவுத்திறன் குன்றல். இவற்றுள் எதுவும் தனியொரு நோயின் பெயரன்று. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பல காரணங்கள் பின்னிக் கிடக்கும். இளைஞருக்கு நுரையீரல் தொற்று வந்தால் காய்ச்சலும் இருமலும் முன்னே வரும். எண்பது வயதினருக்கு அதே தொற்று, காய்ச்சலின்றி, ஒரே இரவில் தோன்றிய மனக்குழப்பமாக மட்டும் வெளிப்படலாம். வீட்டார் அதை மறதிநோய் என்று எண்ணுவர். பயிற்சியற்ற மருத்துவரும் அவ்வாறே எண்ணக்கூடும். நேற்று மாலை இவர் எப்படி இருந்தார் என்ற ஒரே கேள்வி இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். அந்தக் கேள்வியை எப்போது கேட்க வேண்டும் என்பதை நோயாளியின் படுக்கையருகே ஓர் ஆசிரியர் கேட்டுக்காட்டும்போதுதான் மாணவர் உள்வாங்குகிறார்.

விழுந்துவிட்ட முதியவரின் எலும்பைப் படமெடுத்துப் பார்ப்பது எளிது. அவர் ஏன் விழுந்தார் என்று அறிய, எழுந்து நிற்கச் செய்து இரத்த அழுத்தம் அளக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கச் சொல்லிக் கவனிக்க வேண்டும். அவர் விழுங்கும் மாத்திரைகள் அனைத்தையும் பையோடு கொண்டுவரச் செய்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இவை எவற்றுக்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தேவைப்படுவது நேரம். பார்ப்பவருக்கு ஒரு பங்கு நேரம் என்றால் கற்பிப்பவருக்கு இரு பங்கு. இத்துறையின் இளம் ஆசிரியர்களுடைய சிக்கல் முழுவதும் இந்த ஒரு சொல்லில் தொடங்குகிறது.

அமெரிக்கா கண்டுபிடித்த தடை

அமெரிக்காவில் இத்துறைக்கு இரண்டாம் உயிர் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ராபர்ட் பட்லர். தாத்தா பாட்டியிடம் வளர்ந்த அவர், மருத்துவக் கல்லூரியில் முதிய நோயாளிகளைப் பற்றி ஆசிரியர்கள் பேசிய இளக்காரமான பேச்சைக் கேட்டு அதிர்ந்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். அவரும் ஒரு சொல்லாக்கர்தான். இனவெறியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வாய்பாடாகக் கொண்டு, வயதை வைத்து மனிதரைத் தாழ்த்தும் போக்குக்கு 'ஏஜிசம்' என்று 1960களின் இறுதியில் பெயரிட்டவர் அவர். நாஷரின் சொல் ஒரு துறைக்குப் பெயர் தந்தது. பட்லரின் சொல் அத்துறை வளராமைக்கான காரணத்துக்குப் பெயர் தந்தது.

1974இல் முதுமை ஆய்வுக்கான தேசிய நிறுவனம் சட்டத்தால் உருவாக்கப்பட்டு, பட்லர் அதன் முதல் இயக்குநரானார். 1978இல் மருத்துவ நிறுவனம் என்னும் தேசிய அறிவுரை அமைப்பு, பால் பீசன் தலைமையில் முதுமையும் மருத்துவக் கல்வியும் குறித்து அறிக்கை வெளியிட்டது. 1982இல் பட்லரே நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரியில் முதல் முதியோர் மருத்துவத் துறையை நிறுவினார். 1988இல் இச்சிறப்புத் தகுதிக்கான முதல் தேர்வு நடந்தது.

துறை வந்தது, தேர்வு வந்தது. இளம் ஆசிரியர்கள் மட்டும் நிலைக்கவில்லை. காரணம் கணக்கேட்டில் இருந்தது. அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஒருவரின் சம்பளத்தில் பெரும்பகுதி, அவர் நோயாளிகளைப் பார்த்து ஈட்டும் வருவாயிலிருந்தே வருகிறது. 1965இல் தொடங்கப்பட்ட மெடிகேர் காப்பீட்டின் கட்டண முறையோ அறுவைக்கும் கருவிச் சோதனைக்கும் தாராளமாகவும், பேசுவதற்கும் கேட்பதற்கும் சிக்கனமாகவும் அமைந்திருந்தது. முதியவர் ஒருவரை ஒரு மணி நேரம் பொறுமையாகப் பரிசோதிக்கும் மருத்துவர், அதே நேரத்தில் ஒரு கருவிச் சிகிச்சை செய்பவரைவிட மிகக் குறைவாகவே ஈட்டுவார். உடன் ஒரு மாணவரை நிறுத்திக் கற்பித்தால் வருவாய் மேலும் குறையும். கூடுதல் பயிற்சி பெற்ற முதியோர் மருத்துவர், அப்பயிற்சி பெறாத பொது மருத்துவரைவிடக் குறைவாக ஈட்டும் விந்தை இவ்வாறுதான் தோன்றியது.

இதனோடு மற்றொன்றும் சேர்ந்தது. சிறப்புப் பயிற்சிக்கு ஆள் சேர்வதற்காக, 1990களில் கட்டாயப் பயிற்சிக்காலம் இரண்டாண்டிலிருந்து ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. மருத்துவம் பார்ப்பதற்கு ஓராண்டு போதுமானதாக இருக்கலாம். பாடத்திட்டம் வகுக்கவும், மாணவரை மதிப்பிடவும், ஆய்வு செய்யவும், ஆசிரியராக உருவாகவும் அந்த இரண்டாம் ஆண்டுதான் இடமளித்திருந்தது. அந்த ஆண்டு போனபின், ஆசிரியராகும் பயிற்சியைப் பணியில் சேர்ந்தபிறகு பெற்றாக வேண்டும் என்ற நிலை வந்தது. பணியில் சேர்ந்தவருக்கோ அதற்கு நேரமில்லை.

நேரத்தை விலைக்கு வாங்கிய சட்டம்

இந்தத் தடைக்கு இரு வகை விடைகள் வந்தன. முதல் விடை அறக்கட்டளைகளிடமிருந்து வந்தது. ஜான் ஹார்ட்ஃபோர்டு அறக்கட்டளை 1980களிலிருந்து இத்துறையின் ஆசிரியர்களை உருவாக்குவதற்கு நிதி அளித்தது. பின்னர் முதியோர் செவிலியர் கல்விக்கும் அந்த உதவியை விரித்தது. பால் பீசன் பெயரால் 1990களின் நடுவில் தொடங்கப்பட்ட திட்டம், முதுமை பற்றி ஆராயும் இளம் மருத்துவ ஆசிரியர்களைத் தாங்கியது. ஆனால் ஆய்வாளருக்குக் கிடைத்த தாங்குதல், வார்டில் நின்று கற்பிப்பதையே தம் முதற்பணியாகக் கொண்டவருக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் விடை அரசிடமிருந்து வந்தது. 1998இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சுகாதாரத் தொழிற்கல்விச் சட்டம், முதியோர் மருத்துவக் கல்விப்பணி விருது என்ற ஒன்றை உருவாக்கியது. சிறப்புப் பயிற்சி முடித்து, தகுதிச் சான்று பெற்று, மருத்துவக் கல்லூரியில் தொடக்கநிலை ஆசிரியராக இருப்பவருக்கு ஐந்தாண்டுகள் வரை ஆண்டுக்கு 50,000 டாலர்; விலைவாசிக்கேற்ப அத்தொகை உயரும். பெறுபவர் செய்ய வேண்டியது, முதியோர் மருத்துவத்தைக் கற்பிப்பது, குறிப்பாகப் பல்தொழில் குழுக்களுக்குப் பயிற்சி அளிப்பது.

விருது என்ற பெயர் சற்றே திசைதிருப்பும். பாராட்டுப் பட்டயமோ பொற்கிழியோ அல்ல இது. துறைத்தலைவரிடம் சென்று, இவருடைய வாரத்தில் இத்தனை மணி நேரத்துக்கான வருவாயை நாங்கள் ஈடுசெய்கிறோம், அந்நேரத்தில் இவரைக் கற்பிக்க விடுங்கள் என்று அரசு சொல்லும் ஏற்பாடு. அமெரிக்கக் கல்வி வட்டாரத்தில் இதற்குக் 'காக்கப்பட்ட நேரம்' என்று பெயர். எவரிடமிருந்து காக்கப்படுகிறது என்பதை அச்சொல்லே உணர்த்துகிறது.

சட்டத்தின் பிற்கால வரலாறு இன்னும் கூடுதலாகக் கற்பிக்கிறது. 2006 நிதியாண்டில் முதியோர் மருத்துவக் கல்வித் திட்டங்களுக்கான நிதியை நாடாளுமன்றம் முற்றாக நீக்கியது; அடுத்த நிதியாண்டில் மீண்டும் தந்தது. ஓராண்டு நிதி நின்றால் கட்டடம் காத்திருக்கும். வீட்டுக் கடனும் கல்விக் கடனும் சுமந்த முப்பத்தைந்து வயது உதவிப் பேராசிரியரால் காத்திருக்க இயலாது. 2008இல் மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, நாடு முழுவதும் சான்று பெற்ற முதியோர் மருத்துவர் சுமார் 7,100 பேரே உள்ளனர் என்றும், சிறப்பு மருத்துவரை மட்டும் நம்பாமல் எல்லா மருத்துவப் பணியாளருக்கும் முதியோர் பராமரிப்பைக் கற்பித்தாக வேண்டும் என்றும் எச்சரித்தது. 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சீர்திருத்தச் சட்டம், மருத்துவருக்கு மட்டுமே உரியதாக இருந்த விருதைச் செவிலியம், பல் மருத்துவம், மருந்தியல், உளவியல், சமூகப்பணி முதலிய துறைகளின் ஆசிரியர்களுக்கும் திறந்துவிட்டது.

2015இல் பல சிறு திட்டங்களை ஒரே பெருந்திட்டமாக இணைத்தபோது இவ்விருது தன் தனி இருப்பை இழந்தது. பெருந்திட்டம் நிறுவனங்களுக்கு நிதி தந்தது. தனி ஆசிரியரின் பெயரில் நிதி இல்லாமற்போனது. தொழிற்சங்கங்களும் கல்வியாளர்களும் தொடர்ந்து முறையிட்டபின், 2019இல் 26 பேருக்கு வழங்கி விருது மீட்கப்பட்டது. 2020 மார்ச்சில், பெருந்தொற்று நிவாரணத்துக்காக நிறைவேறிய சட்டத்துக்குள்ளேயே இத்திட்டங்களுக்கான சட்ட அங்கீகாரமும் புதுப்பிக்கப்பட்டது. முதியோர் கூட்டம் கூட்டமாக இறந்துகொண்டிருந்த மாதங்கள் அவை.

இருபதாண்டுகளில் தொடங்கி, நின்று, விரிந்து, கரைந்து, மீண்ட இத்திட்டத்தின் வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. நிறுவனத்துக்கு அளிக்கும் நிதி இளம் ஆசிரியரைத் தானாகவே சென்று சேர்வதில்லை. அவருடைய நேரத்துக்கென்று பெயரிட்டு ஒதுக்கினால் மட்டுமே சேர்கிறது.

சென்னையில் 1978

பிரிட்டனில் முதியோர் மருத்துவப் பயிற்சி பெற்ற இந்தியருள் பெரும்பாலோர் அங்கேயே தங்கினர். பயிற்சியோடு தாயகம் திரும்பியவர்களுள் ஒருவர் மருத்துவர் வி.எஸ். நடராஜன். 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான தனிப் புறநோயாளர் பிரிவு அவர் முயற்சியால் தொடங்கியது. 1988இல் பத்துப் படுக்கைகள் கொண்ட வார்டு கிடைத்தது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவ முதுநிலைப் பட்டப்படிப்பு ஆண்டுக்கு இரண்டு இடங்களுடன் தொடங்கியது. நாட்டிலேயே முதலாவது அது.

இம்மூன்று ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். புறநோயாளர் பிரிவிலிருந்து வார்டுக்குப் பத்து ஆண்டுகள். வார்டிலிருந்து பட்டப்படிப்புக்கு எட்டு ஆண்டுகள். ஓர் ஆசிரியரின் பணிக்காலத்தின் பெரும்பகுதி, தமக்குப் பின் கற்பிப்பவரை உருவாக்கும் உரிமையைப் பெறுவதற்கே செலவாகியது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்த இந்தியர் ஏறத்தாழ 10.4 கோடி. அக்காலத்தில்தான் தேசிய முதியோர் நலவாழ்வுத் திட்டம் தொடங்கியது. தில்லி, சென்னை, மும்பை, வாரணாசி, ஸ்ரீநகர், ஜோத்பூர், குவாஹாத்தி, திருவனந்தபுரம் ஆகிய எட்டு நகரங்களின் மருத்துவ நிறுவனங்கள் மண்டல மையங்களாயின. மையத்துக்கு முப்பது படுக்கைகளும் முதுநிலை இடங்களும் திட்டமிடப்பட்டன. 2019இல் நடைமுறைக்கு வந்த இளநிலை மருத்துவப் பாடத்திட்டம், பொது மருத்துவப் பாடத்துக்குள் முதியோர் மருத்துவத்தைத் தனித் தலைப்பாகச் சேர்த்தது. 2024இல் சென்னை கிண்டியில் இருநூறு படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது.

பெருமைக்குரிய வளர்ச்சி இது. ஆயினும் இவ்வளர்ச்சி எந்த அலகுகளால் அளக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். படுக்கை ஓர் அலகு. முதுநிலை இடம் ஓர் அலகு. மாவட்டம் ஓர் அலகு. இளம் ஆசிரியரின் ஆண்டுகள் அலகாக எண்ணப்படுவதில்லை.

இந்திய மருத்துவக் கல்வியின் விதிகளில், ஒரு துறைக்கு எத்தனை முதுநிலை இடங்கள் என்பது அங்குள்ள தகுதிபெற்ற ஆசிரியர்களின் எண்ணிக்கையைச் சார்ந்தது. ஆசிரியர் இல்லையெனில் இடம் இல்லை. இடம் இல்லையெனில் அடுத்த ஆசிரியர் இல்லை. இந்த வட்டத்தை உடைக்கக்கூடியவர், பட்டம் பெற்ற கையோடு உதவிப் பேராசிரியராகச் சேரும் இளைஞர். அவர் சேரும் கல்லூரியில் முதியோர் மருத்துவத் துறையே இல்லையெனில், அவர் பொது மருத்துவத்தின் பணிப்பட்டியலில் கரைந்துபோவார். துறை இருந்தாலும், காலை முழுவதும் நீளும் புறநோயாளர் வரிசையின் நடுவே, மாத்திரைப் பையைப் பிரித்துப் பார்க்கவும் மாணவருக்கு விளக்கவும் அவருக்கு எத்தனை நிமிடங்கள் கிடைக்கும்? அமெரிக்காவில் காப்பீட்டுக் கட்டணம் பறித்த நேரத்தை இங்கே நோயாளர் கூட்டம் பறிக்கிறது. காரணம் வேறு, இழப்பு ஒன்றே.

அமெரிக்கத் திட்டத்தை அப்படியே பெயர்த்து நடுவது பயன்தராது. சம்பளமும் கல்லூரி அமைப்பும் வேறானவை. அதன் உட்கருத்து பெயர்த்து நடத்தக்கது. பணியின் முதல் ஐந்தாண்டுகளில் வாரத்தில் சில மணி நேரம் படுக்கையருகே கற்பிப்பதற்கென ஆணையாக எழுதித் தரப்படுதல். தனித்துறை இல்லாத கல்லூரியிலும் இப்பட்டத்துக்கான பணியிடம் இருத்தல். தனியே நிற்கும் இளையவருக்கு வேறொரு மையத்தின் மூத்தவர் வழிகாட்டியாக அமைதல். இவையனைத்தும் செவிலியக் கல்லூரி, உடற்பயிற்சி சிகிச்சைக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் உரியனவாதல். முதியவரை மருத்துவர் பார்க்கும் நேரம் சில நிமிடங்கள்; செவிலியர் பார்க்கும் நேரம் நாள் முழுவதும். வாரனின் வார்டு 1935லேயே காட்டிய உண்மையை அமெரிக்கச் சட்டம் 2010இல்தான் ஏற்றது. அதே தாமதத்தை இந்தியாவும் செய்ய வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

தமிழில் 'மூப்பு' என்ற சொல் முதுமையையும் குறிக்கும், தலைமையையும் குறிக்கும். 'கிழம்' என்ற சொல்லோ இன்று வசையாகவே ஒலிக்கிறது. ஒரு சமூகத்தின் சொற்களில் இரண்டு மனப்போக்குகளும் அருகருகே கிடக்கின்றன. மருத்துவ மாணவர் எதைக் கைக்கொள்வார் என்பது பெரும்பாலும் வார்டில் அவருடைய ஆசிரியர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்பதைப் பொறுத்தது.

நியூயார்க் ஏழையர் விடுதியில் நாஷர் கேட்டவை இரண்டு கேள்விகள். என்ன நோய் என்ற முதற் கேள்விக்கு நூறாண்டு அறிவியல் பல விடைகளைத் தந்துவிட்டது. என்ன செய்யலாம் என்ற இரண்டாம் கேள்வி, ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு வார்டில், ஏதோ ஒரு மாணவரால், ஒரு மூதாட்டியின் முன்னிலையில் மீண்டும் கேட்கப்படுகிறது. அப்போது அங்கே விடை தெரிந்த ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். நின்று பதில் சொல்ல அவருக்கு நேரமும் இருக்க வேண்டும்.